எள்ளி நகைத்தலும் உவந்து நகைத்தலும்

பேயைக் கண்டு அஞ்சுவோர் உளர். பேய்ப்படத்தைக் கண்டு நகைப்போரும் உளர். ஜப்பானில் சிறு பொருட்செலவில் எடுக்கப்படும் பேய் நகைச்சுவைப் படங்கள் இவ்விரு சாராரையும் ஒருங்கே அழைக்கின்றன. கற்றோர் சிலர் இவற்றை வீண்பொழுதுபோக்கென ஒதுக்குவர். ஒதுக்குவது எளிது. ஆயின் இவற்றினுள் ஓர் அறவினா கிடக்கின்றது: பிறன் தொழிலிற் குறைகண்டு நாம் நகைப்பது முறையாகுமா?

2017-ஆம் ஆண்டில் ஷினிச்சிரோ உவேதா இயக்கிய படமொன்று உண்டு. "படக்கருவியை நிறுத்தாதே" என்பது அதன் ஜப்பானியப் பெயரின் பொருள். செலவு ஏறத்தாழ 30 லட்சம் யென், நடித்தோர் பெயரறியாதார். 2018-ல் தோக்கியோவின் இரண்டு சிற்றரங்குகளில் தொடங்கிய அப்படம் நாடெங்கும் பரவி, 300 கோடி யென்னுக்கு மேல் ஈட்டிற்று.

முதல் 37 நிமிடம் வெட்டின்றி ஓடும் ஒரே காட்சி. பாழடைந்த நீர் வடிகட்டு நிலையத்தில் நடைப்பிணப் படம் எடுக்க வந்த குழுவினரை மெய்யான நடைப்பிணங்களே தாக்குகின்றன. காட்சியெங்கும் குறைகள். நடிகர் பேச்சற்று நிற்கின்றனர். தொடர்பற்ற உரையாடல் எழுகின்றது. படக்கருவி தரையில் விழுந்து நெடுநேரம் அங்கேயே கிடக்கின்றது. யானும் நகைத்தேன். மறைப்பானேன்? "இவர்கட்கு இதுவும் தெரியவில்லையே" என்னும் செருக்கு அந்நகையில் இருந்தது. நகை பிறக்கும் நிலைக்களன் நான்கென்ற தொல்காப்பியர் எள்ளலை முதற்கண் வைத்ததன் காரணம் அன்று விளங்கிற்று.

பின்பகுதியை இங்குச் சொல்லிவிடுகின்றேன்; படத்தைப் பாராதார் பொறுத்தருள்க. கதை ஒரு திங்கள் பின்னே செல்கின்றது. நாம் கண்டது, தொலைக்காட்சியில் நேரே ஒளிபரப்பான நாடகமாம். "விரைவு, மலிவு, நடுத்தரம்" என்று சொல்லிப் பிழைப்பவர் அதன் இயக்குநர். உரிய நடிகர் இருவர் வந்திலர். ஆதலின் அவரும் அவர் மனைவியுமே வேடம் பூணுகின்றனர். ஒருவர் குடிமயக்கத்தில் வீழ்கின்றார், ஒருவர்க்கு வயிற்றுப்போக்கு. படக்கருவி தரையிற் கிடந்தது, தாங்கியவர் இடுப்பு பிடித்து வீழ்ந்தமையால். இறுதிக்காட்சிக்குரிய தூக்கி உடைந்துபோக, மனிதர்மேல் மனிதர் ஏறிக் கோபுரமாகி அவ்வுயரத்தை உண்டாக்குகின்றனர். முன்னர் நகைத்த இடங்களிலேயே மீண்டும் நகைத்தோம், முன்னினும் உரக்க. எள்ளல் மட்டும் அங்கில்லை.

அங்ஙனமாயின் உழைப்பைக் காட்டிக் குறையனைத்தையும் மன்னிக்கலாமோ எனின், ஆகாது. இழிந்த படம் இழிந்த படமே. படத்தைப் பழிக்க நமக்கு உரிமையுண்டு; அதன்பின் நிற்கும் இடுப்பு நோவைப் பழிக்க உரிமையில்லை.

இன்னொரு படம் 1977-ல் நொபுஹிக்கோ ஒபயாஷி இயக்கிய "ஹவுஸ்". இது சிறு படமன்று; தோஹோ என்னும் பெருநிறுவனத்தினது. ஆயினும் தம் சிறு மகள் கூறிய கற்பனைகளைக்கொண்டு, தந்திரங்கள் பொம்மை விளையாட்டெனத் தெரியுமாறே அவர் எடுத்தார். பியானோ ஒரு பெண்ணைத் தின்கின்றது! நகையாதிருக்க எவராலும் இயலாது. ஆயின் அவ்வீட்டுப் பேய் யார்? போருக்குச் சென்று மீளாத மணமகனுக்காகக் காத்திருந்து மாண்ட ஒரு பெண். ஜப்பானியர் ஆட்சியில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மீளாதவர்க்காக நம் தோட்டங்களிலும் பெண்கள் காத்திருந்தனர். அப்பெண் திரையில் வந்தபோது, அதுவரை ஓயாது நகைத்த யான் வாளாவிருந்தேன்.