ஏழாம் மாதத்துக் கேள்வி

வளைகுடா நாடுகளில் குடும்பத்தோடு இருக்கும் தமிழர் வீடுகளில், பெண்ணுக்கு ஏழாம் மாதம் பிறந்ததுமே ஒரு பேச்சு வந்துவிடும்: பிரசவம் ஊரிலா, இங்கேயா? அம்மா போன் செய்தாலும் அதுதான், மாமியார் பேசினாலும் அதுதான். கடையில் பார்க்கிற பக்கத்து பிளாட்டுப் பெண்கூட நலம் விசாரித்த கையோடு அதைத்தான் கேட்பாள். கேட்பதற்கு எளிய கேள்வி. ஆனால் ஒரு பெண்ணின் உடம்பு, பிறக்காத குழந்தை, கணவனின் வேலை, தாயின் ஆசை, வீட்டின் பணம் எல்லாம் அதற்குள் ஒன்றாகக் கிடக்கின்றன.

ஷார்ஜாவில் வாழ்ந்த காலத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் இந்தக் கேள்வியை நான் சந்தித்தேன். மகளைச் சுமந்தபோது விமானம் ஏறிப் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்திலிருக்கும் அம்மா வீட்டுக்கு வந்தேன். மகனைச் சுமந்தபோது ஷார்ஜாவிலேயே தங்கினேன். இரண்டு பேறும் நல்லபடியாக நடந்தன. அதனால் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எதையெல்லாம் கேட்டு அந்த முடிவுக்கு வர வேண்டும் என்பதுதான் என் மனத்தில் இருப்பது.

எல்லோரும் முதலில் பயப்படுவது விமானத்துக்கு. வயிற்றுப் பிள்ளையோடு அவ்வளவு உயரத்தில் போகலாமா என்று என் பாட்டி கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குச் சொல்வதற்காகவே டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம், ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள ஓர் இடத்தில் இருப்பதற்குச் சமம். கொடைக்கானலும் ஊட்டியும் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. சிக்கல் இல்லாத கர்ப்பிணியின் உடம்பு அதைத் தாங்கிக்கொள்ளும். வயிற்றிலிருக்கும் சிசுவின் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், கிடைக்கும் ஆக்சிஜனை நம்முடையதைவிட இறுகப் பற்றிக்கொள்ளக்கூடியது. எப்போதாவது ஒருமுறை பறப்பவருக்கு வானத்துக் கதிர்வீச்சு ஒரு பொருட்டல்ல.

கவனம் வேண்டியது காலுக்கு. கர்ப்பக் காலத்தில் ரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடியிருக்கும். அதோடு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்தால், காலின் ஆழ்ந்த ரத்தக்குழாய்களில் கட்டி உண்டாகும் ஆபத்து கூடும். அதனால்தான் நடைபாதை ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்கச் சொல்கிறார்கள். அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், டாக்டர் சொன்னால் இறுக்கமான காலுறை அணிய வேண்டும். சீட் பெல்ட்டை வயிற்றின் மேல் போடாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் படும்படி போட வேண்டும். இவ்வளவையும் கேட்ட பிறகு பாட்டிக்குப் பாதி பயம் போயிற்று. எனக்கும்தான்.

ஆனால் எல்லோருக்கும் இந்த ஆறுதல் பொருந்தாது. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்தபடி கீழே இறங்கியிருப்பவர்கள், ரத்த அழுத்தம் ஏறி நிற்பவர்கள், ரத்தப்போக்கு கண்டவர்கள், முந்தைய பிள்ளை குறைமாதத்தில் பிறந்தவர்கள் ஆகியோருக்கு டாக்டர் தரும் பதில் வேறாக இருக்கும். கடுமையான ரத்தசோகை உள்ளவர்களுக்கும் அப்படியே. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ரத்தசோகை உள்ளவர்கள். ஆகவே பக்கத்து வீட்டுப் பெண் பறந்து வந்தாள், நீயும் வரலாம் என்று யாரும் யாருக்கும் சொல்ல முடியாது. அவளுடைய ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் அவளுக்கு மட்டுமே.

விமான நிறுவனங்களின் விதிகளையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை 28 வாரம் வரை எதுவும் கேட்பதில்லை. அதன்பிறகு, பயணத்துக்குத் தகுதியானவர் என்று டாக்டர் அண்மையில் கொடுத்த சான்றிதழ் வேண்டும். ஒற்றைக் குழந்தை என்றால் ஏறத்தாழ 36 வாரத்தோடும், இரட்டை என்றால் 32 வாரத்தோடும் கதவு மூடிவிடும். நிறுவனத்துக்கு நிறுவனம் சில வாரங்கள் முன்பின் இருக்கும். நம் வீடுகளிலோ வாரக்கணக்கு கிடையாது, மாதக்கணக்குதான். "ஒன்பதாம் மாசம் வளைகாப்பு போட்டு அழைச்சிக்கிட்டு வந்துடலாம்" என்று பெரியவர்கள் சொல்லும்போது, அந்த ஒன்பதாம் மாதம் பிறந்து ஒரு வாரத்திலேயே 36 வாரம் நிறைந்துவிடும் என்பது அவர்கள் மனத்தில் இருப்பதில்லை. பக்கத்து ஊரிலிருந்து காரில் அழைத்து வந்த காலத்துக் கணக்கு அது. கடல் கடந்து இருப்பவளுக்கு அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு டிக்கெட் எடுக்க முடியாது.

36 வாரம் என்று ஏன் வைத்தார்கள்? அந்த நாளில் வானத்துக் காற்று கெட்டுப்போய்விடுவதில்லை. அதற்குப் பிறகு எந்த நேரமும் வலி கண்டுவிடலாம். வலி கண்டால் அங்கே டாக்டர் இல்லை, அறுவை அரங்கு இல்லை, இன்குபேட்டர் இல்லை. ஆக, அந்த விதியே குழந்தை எங்கே பிறந்துவிடக்கூடும் என்ற கவலையில்தான் எழுந்திருக்கிறது. நாமும் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.

ஷார்ஜாவில் நான் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் மலையாளி. 31ஆம் வாரத்தில் ஊருக்குப் போகலாமா என்று கேட்டதும் அவர் விமானத்தைப் பற்றி இரண்டு நிமிடம்தான் பேசினார். மீதி நேரமெல்லாம் கேள்விகள். ஊரில் உன்னைப் பார்க்கப்போகும் டாக்டர் யார்? அவரிடம் பேசிவிட்டாயா? விமான நிலையத்திலிருந்து வீடு எவ்வளவு தூரம், சாலை எப்படி? இறங்கிய வாரமே வலி வந்தால் எந்த ஆஸ்பத்திரி? குறைமாதக் குழந்தையை வைத்துப் பார்க்கும் வசதி அங்கே உண்டா, இல்லையென்றால் அடுத்தது எங்கே?

எனக்குப் பதில் தெரிந்தது முதல் கேள்விக்கு மட்டும். அன்றிரவு அம்மாவும் நானும் போனில் உட்கார்ந்து மற்றவற்றுக்குப் பதில் தேடினோம். ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வழியாக எங்கள் வீட்டுக்குக் காரில் நூறு கிலோமீட்டருக்கு மேல். குழந்தை முன்கூட்டியே வந்துவிட்டால் தஞ்சாவூருக்குத்தான் ஓட வேண்டும். அங்கே ராசா மிராசுதார் அரசு மருத்துவமனை இருக்கிறது, தனியார் ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. உலகில் பத்தில் ஒரு குழந்தை 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறக்கிறது. பத்தில் ஒன்று என்பது ஒதுக்கித்தள்ளக்கூடிய எண் அல்ல. கடைசி மாதத்தில் அம்மாவும் நானும் தஞ்சாவூரில் சித்தி வீட்டில் தங்குவது என்று முடிவானது அந்தப் பேச்சில்தான். நான்கு மணி நேரப் பயணத்தைப் பற்றி வாரக்கணக்கில் கவலைப்பட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு, அதற்குப் பின்னால் வரும் இரண்டு மாதம்தான் கேள்வி என்பது அப்போதுதான் விளங்கியது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அதன் அருமை எனக்குத் தெரியும். புதிதாகப் பெற்றவளுக்குப் பால் ஊறப் பூண்டும், கருவாடும், சுறாப்புட்டும். குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டும் கைப்பழக்கம் உள்ள பாட்டி. நடு இரவில் பிள்ளை வீறிட்டால், "நீ படு, நான் பாத்துக்கறேன்" என்று தூக்கிக்கொள்ள ஒருத்தி. தாய்வீட்டில் பெண் யாருக்கும் சமைத்துப்போட வேண்டியதில்லை, அழுதால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெற்ற உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்பதை நம் முன்னோர் சட்டமாக எழுதாமல் வழக்கமாக்கி வைத்தார்கள்.

அதற்கு விலையும் உண்டு. மகள் பிறந்தபோது என் கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அவர் அவளை முதலில் தொட்டது அவளுக்குத் தலை நின்ற பிறகு. வீடியோவில் அவள் முகத்தைப் பார்த்தபடி அவர் பேசாமல் இருந்த இரவுகள் எனக்கு இன்றும் வலிக்கின்றன. காகித வேலைகளும் வரிசைகட்டி நின்றன. தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு, கர்ப்பத்தைப் பதிந்து பெறும் பிக்மி எண் வேண்டும் என்பதால், வந்த வாரமே கிராமச் செவிலியரிடம் பதிந்தோம். சான்றிதழுக்குப் பிறகு குழந்தைக்குப் பாஸ்போர்ட், பாஸ்போர்ட்டுக்குப் பிறகு அப்பாவின் பேரில் விசா. தாய்வீட்டில் எனக்குக் கிடைத்த ஓய்வெல்லாம் அவர் இழந்த நாட்களின் மேல் கிடைத்தது.

மகனின்போது கணக்கு மாறியிருந்தது. மகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளை நடுவில் பிடுங்கி எடுக்க மனம் வரவில்லை. நானும் வேலையில் இருந்தேன். அமீரகத்தில் தனியார் துறைப் பெண்களுக்குப் பேறுகால விடுப்பு 60 நாள். அதில் 45 நாள் முழுச் சம்பளம், 15 நாள் பாதிச் சம்பளம். இந்தியாவில் 2017 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் பல பெண்களின் முடிவு அடங்கிவிடுகிறது. அன்பு எந்தப் பக்கம் இழுத்தாலும், அறுபது நாளுக்குள் ஊருக்குப் போய்ப் பெற்று, பிள்ளைக்குப் பாஸ்போர்ட் வாங்கித் திரும்பி வருவது மிகவும் கடினம்.

அப்போது அம்மாதான் சொன்னார்: "நீ ஏன் அலையணும்? நான் வர்றேன்." அதுவரை விமானமே ஏறாதவர். தோட்டத்தையும் மாடுகளையும் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, விசிட் விசாவில், பெட்டி நிறையச் சுக்கும் மிளகும் ஓமமும் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பிரசவ அறைக்கு வெளியே என் கணவர் நின்றார். மகள் தம்பியை அன்றைக்கே பார்த்தாள். அம்மா அந்தச் சின்ன பிளாட்டில் யாரோடும் பேச ஆளின்றி, வெயிலுக்குப் பயந்து கதவை மூடிக்கொண்டு இருந்தார் என்பதும் உண்மை. விசா முடிந்து அவர் திரும்பிய நாளில் எனக்கு உடம்பு முழுதாகத் தேறியிருக்கவில்லை என்பதும் உண்மை. எந்தப் பக்கம் தேர்ந்தாலும் யாரோ ஒருவர் எதையோ விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். அந்த யாரோ எப்போதும் கர்ப்பிணியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

சில நேரங்களில் விமானம்தான் பாதுகாப்பான வழி. கொரோனா காலத்தில் வெளிநாட்டில் சிக்கியவர்களை இந்திய அரசு அழைத்து வந்த வந்தே பாரத் திட்டத்தின் முதல் விமானங்கள் 2020 மே 7 அன்று அபுதாபியிலிருந்தும் துபாயிலிருந்தும் கேரளத்துக்குக் கிளம்பியபோது, முன்னுரிமை பெற்றவர்களில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். கணவனுக்கு வேலை போய், காப்பீடு இல்லாமல், உதவிக்கு ஒருவரும் வர வழியின்றி நிறைமாதத்தை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு, முகக்கவசம் அணிந்து ஏறிய அந்த விமானம் ஆபத்தாகத் தெரிந்திருக்காது. அங்கேயே இருப்பதுதான் ஆபத்து. கொள்ளைநோய் இல்லாத காலத்திலும் அப்படிப்பட்ட நிலையில் பெண்கள் இருக்கிறார்கள்.

முடிவெடுக்கவே இடம் கிடைக்காதவர்களும் உண்டு. என் தோழி ஒருத்திக்கு 37ஆம் வாரம் நடந்துகொண்டிருந்தபோது ஊரில் அப்பா இறந்துவிட்டார். எந்த விமானமும் அவளை ஏற்றாது. கடைசி முகத்தை போனில் பார்த்தாள். நாங்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், அதைத் தவிர எங்களால் ஆனது ஒன்றுமில்லை. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளிடம் யாரும் நியாயம் பேசவில்லை, பேசக்கூடாது. பிற்பாடு அவள் என்னிடம் சொன்னாள்: அப்பா படுத்த படுக்கையாக இருந்த முந்தைய மாதமே, போக முடிந்த காலத்திலேயே, வீட்டில் யாராவது தன்னிடம் உண்மை நிலையைச் சொல்லியிருக்கலாம் என்று. வயிற்றுப்பிள்ளைக்காரி கலங்கக் கூடாது என்று மறைத்திருந்தார்கள். நல்லெண்ணத்தில் மறைத்ததுதான். ஆனாலும் போவதா இருப்பதா என்று எடைபோட்டு முடிவெடுக்கும் உரிமை அந்த மறைப்பில் அவளிடமிருந்து போய்விட்டது.

இதனால் எனக்கு உறுதிப்பட்டவை சில. இந்தப் பேச்சை ஆறாம் மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும். 28 வாரத்துக்கு முன் பேசினால் எல்லா வழிகளும் திறந்திருக்கும். பறக்கலாமா என்பதற்கு டாக்டர் பதில் சொல்லட்டும், அதில் உறவினர் வாக்குக் கேட்க வேண்டாம். குழந்தை முந்திக்கொண்டு வந்தால் எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில், யார் கையில் இருக்க வேண்டும் என்பதை வீடு முழுவதும் உட்கார்ந்து பேசட்டும். அங்கே தெளிவான பதில் இருந்தால் போகலாம். இல்லையென்றால், எவ்வளவு பாசம் இழுத்தாலும் இருக்கும் இடமே நல்லது.

கடைசிச் சொல் சுமப்பவளுடையதாக இருக்க வேண்டும். தாய்வீட்டு வழக்கத்தின் உயிர் கூரையிலோ முற்றத்திலோ இல்லை. பெற்றவளைத் தாங்க ஒருவர் வேண்டும் என்ற அக்கறையில் இருக்கிறது. அந்த அக்கறைக்கு 36 வாரத் தடை கிடையாது, சான்றிதழ் வேண்டியதில்லை. ஆகவே ஏழாம் மாதத்தில் நம் வீட்டுப் பெண்ணிடம் "எப்ப வர்றே?" என்று கேட்பதற்கு முன், "உனக்கு எங்க இருந்தா தைரியமா இருக்கும்?" என்று கேட்போம். ஊர் என்று அவள் சொன்னால், அதற்கு வேண்டிய டாக்டரையும் வண்டியையும் நாம் ஏற்பாடு செய்வோம். இங்கேயே என்று சொன்னால், விமானம் ஏறக்கூடிய மற்றவர்கள் ஏறிப் போவோம்.