படியளப்பவரும் பத்திரிகையும்

2024 நவம்பரில் ‘தி ரிங்’ இதழ் கைமாறியது. 1922-இல் நியூயார்க்கில் நாட் ஃபிளெய்ஷர் தொடங்கிய இதழ். குத்துச்சண்டையின் வேதம் என்றே பெயரெடுத்தது. வாங்கியவர் துர்கி ஆலுஷேக். சவூதி அரசின் பொழுதுபோக்கு ஆணையத் தலைவர், பெரிய சண்டைகளையெல்லாம் ரியாத்துக்குக் கொண்டுவருபவர். விற்றது ஆஸ்கர் டெ லா ஹோயாவின் கோல்டன் பாய். அதுவும் போட்டி நடத்தும் நிறுவனம்தான். 2007 முதல் இதழ் அதன் வசமே இருந்தது. 2025 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் இதழின் பெயரிலேயே போட்டிகள் நடந்தன. சண்டையை நடத்துபவரும் அதை எழுதுபவரும் வீரர்களை வரிசைப்படுத்துபவரும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டார்கள். இது தகாது. உரிமையாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தகாது.

குத்துச்சண்டையில் ஒரே தலைமை அமைப்பு கிடையாது. நான்கு அமைப்புகள் தனித்தனியே பட்டம் சூட்டுகின்றன. அதனால்தான் இந்த இதழின் தரவரிசைக்கு இத்தனை மதிப்பு. யார் யாரோடு மோதுவது, யாருக்கு எவ்வளவு பணம் என்பதெல்லாம் அந்தப் பட்டியலைத் தொட்டும் பேசப்படுகின்றன. அதில் ஒரு பொய் நுழைந்தால், தகுதிக்கு மீறிய முஷ்டியின் முன்னால் ஒரு மனிதனைக் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

அப்படி ஒரு பொய் முன்பே நுழைந்திருக்கிறது. 1977-இல் டான் கிங் நடத்திய அமெரிக்க சாம்பியன்ஷிப் தொடரை ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியது. வீரர்களைத் தேர்ந்தெடுக்க ‘தி ரிங்’ தரவரிசையே ஆதாரம். பிப்ரவரியில் தோற்றதாக அறிவிக்கப்பட்ட ஸ்காட் லெடூ, இது மோசடி என்று கேமரா முன்னாலேயே கத்தினார். அந்தக் களேபரத்தில் வர்ணனையாளர் ஹோவர்ட் கோசெலின் பொய்முடி கழன்று விழுந்தது. தோண்டத் தோண்ட உண்மை வெளிவந்தது. இதழின் ஆண்டுப் பதிவேட்டில், நடக்கவே நடக்காத சண்டைகள் வெற்றிகளாக அச்சாகியிருந்தன. இதழின் துணை ஆசிரியர் ஜானி ஓர்ட்டுக்கு டான் கிங் 5,000 டாலர் கொடுத்திருந்தார். ஏப்ரலில் தொடர் நிறுத்தப்பட்டது. இதைத் தோண்டியவர் பெரிய பத்திரிகை எதையும் சேர்ந்தவரல்ல. மால்கம் ‘ஃபிளாஷ்’ கார்டன் என்ற இளைஞர். தானே தயாரித்த தாள்களை மேடிசன் ஸ்கொயர் கார்டன் வாசலில் நின்று விற்றவர். யாரிடமும் அவர் கைநீட்டவில்லை. அதனால் அவருக்குக் கண் தெரிந்தது.

நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஒற்றன் அரசனுக்காக வேலை செய்பவரையும் அவன் சுற்றத்தாரையும் பகைவரையும் ஒருங்கே ஆராய வேண்டும் என்கிறார் வள்ளுவர். ஒருவன் கொண்டுவந்த செய்தியை வேறொருவனைக் கொண்டு சரிபார்க்கவும் சொல்கிறார். செய்தியாளருக்கு இதைவிட நல்ல இலக்கணம் உண்டா? சிலப்பதிகாரத்தில் பாண்டியன் தவறியதும் இந்தச் சரிபார்ப்பில்தான். சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே சாட்சியாக வந்து நின்றான். அரசன் இரண்டாவதாக ஒருவரைக் கேட்கவில்லை. ஆதாயம் உள்ளவனின் சொல்லை நம்பியதற்கு ஓர் உயிரும் பிறகு ஒரு நகரமும் விலையாயின.

புலவர்களும் பரிசில் பெற்றுத்தானே பாடினார்கள் என்று கேட்கலாம். பெற்றார்கள். ஆனால் நலங்கிள்ளியைப் பல பாட்டில் புகழ்ந்த கோவூர் கிழார்தான், அவன் தன் குடியினன் ஒருவனையே உறையூரில் முற்றுகையிட்டபோது, யார் தோற்றாலும் தோற்பது சோழர் குடியே என்று இரு தரப்புக்கும் சேர்த்துச் சொன்னார். தன்னைப் பாராமலே அதியமான் அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்கவில்லை. கொடுப்பவர் முகம் கோணினாலும் பேசத் துணிந்தவருக்கே பரிசில் பொருந்தும்.

பேசினால் என்ன ஆகும் என்ற அச்சம் பொய்யானதல்ல. 2016 பிப்ரவரியில் டப்ளினில் ஒரு விடுதியில், வீரர்களுக்கு எடை பார்க்கும் நிகழ்ச்சியிலேயே துப்பாக்கிச் சூடு நடந்து ஒருவர் இறந்தார். அதையடுத்துச் செய்தியாளர் சிலரின் உயிருக்கு ஆபத்து என்று காவல்துறையே எச்சரித்தது. அந்தச் சூட்டுக்குப் பின்னிருந்த கும்பல் மோதலில் ஒரு தரப்பின் தலைவர் எனப்பட்ட டேனியல் கினஹனுக்கும் குத்துச்சண்டைக்கும் உள்ள உறவைப் பிபிசி 2021-இல் அம்பலப்படுத்தியது. அமெரிக்க அரசு அவர்மீது தடை விதித்தது 2022 ஏப்ரலில். அதுவரை எத்தனையோ மைக்குகள் அவர் பெயரை வாழ்த்தோடு கடந்துபோயின. கேள்வி கேட்டால் அடுத்த பேட்டி கிடைக்காது என்ற கணக்கும் அந்த மௌனத்தில் உண்டு.

இன்னொரு பக்கமும் உண்டு, மறுப்பதற்கில்லை. அச்சு இதழ்கள் வாழ வழியின்றித் தவிக்கின்றன, சவூதிப் பணத்தால் ‘தி ரிங்’ மீண்டும் தாளில் வருகிறது, வீரர்களின் ஊதியமும் கூடியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் பசியாற்றியவருக்குத் தீர்ப்பெழுதும் உரிமை கிடைத்துவிடாது.

செய்ய வேண்டியது கடினமல்ல. தரவரிசைக் குழுவை நியமிக்கவும் நீக்கவும் உரிமையாளருக்கு அதிகாரம் இருக்கக் கூடாது. ரியாத்துக்கு விமானச் சீட்டும் விடுதி அறையும் யார் கொடுத்தது என்பதைச் செய்தியாளர் தம் கட்டுரையிலேயே சொல்ல வேண்டும். உரிமையாளர் நடத்தும் சண்டையில் நடுவர் புள்ளி தவறினால், அதை முதலில் எழுத வேண்டியது அவருடைய இதழ். பட்டியலில் பத்தாம் இடத்தில் நிற்கும் வீரன், தனக்கு மேலே இருக்கும் ஒன்பது பெயர்களையும் நம்பித்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறான்.