உச்சிக்குக் கீழே

செஞ்சிக் கோட்டைக்கு வருகிற பலருக்கும் ராஜகிரிக் குன்றின் உச்சிதான் கணக்கு. வெயில் ஏறுமுன் எண்ணூறு அடி ஏறி, நாலு படம் பிடித்து, மதியச் சாப்பாட்டுக்குத் திருவண்ணாமலை போய்விட வேண்டும். தப்பில்லை. ஆனால் ஓர் ஊரைப் பார்த்துவிட்டேன் என்று எப்போது சொல்லிக்கொள்ளலாம் என்கிற கேள்வி எனக்கு இங்கே வந்தால்தான் எழுகிறது.

1677இல் சிவாஜி இக்கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராமைத் துரத்தி வந்த முகலாயத் தளபதி சுல்பிகர் கான் ஏறக்குறைய எட்டு ஆண்டு அடிவாரத்திலேயே கிடந்தார். 1698இல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. பிறகு பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். வந்தவர் அத்தனை பேருக்கும் உச்சிமேல்தான் கண். நமக்கும் அதே கண்தான், படை மட்டும் இல்லை. (சுல்பிகர் கானாவது ஊரை நிதானமாகப் பார்த்திருப்பார்.)

எல்லாக் கோட்டையிலும் கண் மேலேயே போவதில்லை. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் எல்மினா கோட்டைக்குப் போகிறவர்கள் கீழ்த்தளத்தைத்தான் தேடுகிறார்கள். 1482இல் போர்த்துக்கீசியர் கட்டத் தொடங்கியது அது. கப்பலேற்றுமுன் அடிமைகளை அடைத்துவைத்த இருட்டறைகள் கீழே; ஆளுநர் குடியிருந்தது மேலே. கீழே நிற்காமல் அந்தக் கோட்டையைப் புரிந்துகொள்ள முடியாது.

செஞ்சியிலும் கீழேதான் சரக்கு இருக்கிறது. நெற்களஞ்சியத்துக்குள் நுழைந்தால் வௌவால் நாற்றமும் இருட்டும். சுவரின் கனத்தைப் பார்த்தாலே போதும், முற்றுகை என்றால் முதலில் சோற்றுக் கவலை என்பது விளங்கிவிடும். ஊருக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று. பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் பழைய தமிழ்க் கல்வெட்டும் அங்கே உண்டு. கோட்டை கட்டியவர்களுக்குப் பல நூற்றாண்டு முந்தையவர் அவர். பாதி நாள்தான் இருக்கிறது என்பவரை நான் அங்கேதான் அனுப்புவேன். திரும்பி வந்து என்னைத் திட்டியவர்களும் உண்டு.

2025 ஜூலையில் மராட்டியப் போர்க்கோட்டைகளோடு சேர்ந்து செஞ்சியும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இனிக் கூட்டம் கூடும், குரங்குகளுக்குத் தின்பண்டப் பஞ்சம் இராது.

உள்ளூர்க்காரர்களும் ராஜகிரி ஏறுகிறார்கள், போகிற வழியில் இருக்கும் கமலக்கண்ணி அம்மனுக்காக. தேங்காய் உடைத்து, குழந்தைக்குத் திருநீறு பூசி, கொஞ்சம் உட்கார்ந்து பேசுகிறார்கள். உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று மூச்சு வாங்கக் கேட்கிற வெளியூர்க்காரருக்கு வழி காட்டிவிட்டு, அவர்கள் பாட்டுக்கு இறங்கிவிடுகிறார்கள்.