ரோசாலியாவின் ஊர்க்காரர்

பலெர்மோ நகரின் நடுவில் இரண்டு பெருவீதிகள் வெட்டும் இடத்தில் குவாத்ரோ காந்தி என்ற நாற்சந்தி இருக்கிறது. நான்கு மூலைக் கட்டடங்களிலும் கீழ்த்தட்டில் பருவகாலங்கள், நடுத்தட்டில் ஸ்பானிய அரசர்கள், மேல்தட்டில் இந்த ஊரைக் காத்த நான்கு கன்னிப் புனிதைகள்: அகத்தா, கிறிஸ்தீனா, நின்ஃபா, ஒலிவா. கப்பலால் இறங்கி வருகிற உல்லாசப் பயணிகள் சந்தியின் நடுவில் நின்று அண்ணாந்து படம் எடுப்பார்கள். ஆனால் ஊரே பெயர் சொல்லிக் கும்பிடுகிற சாந்த ரோசாலியா அந்தச் சந்தியில் இல்லை. சந்தியைத் திட்டமிட்டுக் கட்டிய காலத்தில் அவள் இந்த ஊருக்கு இன்னும் தேவைப்படவில்லை.

தேவை 1624-இல் வந்தது, கடல் வழியாக. அந்த வருஷம் மே மாதம் துனிசிலிருந்து வந்த ஒரு கப்பலைத் துறைமுகத்துக்குள் விட்டார்கள். கொள்ளைநோயும் இறங்கியது. கப்பலுக்கு அனுமதி கொடுத்த ஸ்பானிய ஆளுநர் எமானுவேலே ஃபிலிபெர்த்தோவே ஓகஸ்ட்டில் அந்த நோயில் செத்துப்போனார். அதற்கிடையில் ஜூலை 15-ஆம் திகதி, நகரத்துக்கு வடக்கே கடலோரமாக எழுந்து நிற்கிற மொந்தே பெல்லெக்ரீனோ மலையின் குகையில் எலும்புகள் அகப்பட்டன. நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்னர் அரண்மனை வாழ்க்கையை விட்டு மலையேறித் தனித்திருந்து செத்த ரோசாலியாவின் எலும்புகள் அவை என்று ஊர் நம்பியது. கர்தினால் ஜன்னெத்தீனோ தோரியா விசாரணை வைத்து, பிறகு ஏற்றுக்கொண்டார். 1625 ஜூனில் அவற்றைத் தெருத்தெருவாகச் சுமந்தார்கள். நோய் தணிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஜூலையும் அவளுக்குத் திருவிழா எடுக்கிறார்கள்; 2024-இல் 400-ஆவது.

எனக்கு இதில் விளங்காமல் கிடப்பது ஒன்று உண்டு. இந்தத் திருவிழாவை அவளுக்கு நேர்த்தியாக வைத்தவர்கள் நோய்க்குப் பயந்து நடுங்கிய அந்த மனிதர்கள். அவர்கள் மண்ணாகிப் போனார்கள். அப்படியென்றால் இன்றைக்கு அந்தக் கடன் யார் தலையில் இருக்கிறது? ஊரின் தலையில் என்று சொன்னால், ஊர் என்பது யார்? அந்தத் தெருக்களில் இருப்பவர்களா, அங்கே பிறந்து வேறெங்கோ போய்விட்டவர்களா, இரண்டு இரவுக்குக் காசு கட்டிப் படுத்தெழும்புகிறவர்களா? சும்மா இருந்து யோசித்த கேள்வி இல்லை இது. நான் இருக்கிற முற்றத்தில் தினமும் எதிர்ப்படுகிற கேள்வி.

நான் யாழ்ப்பாணத்துச் சைவக்காரி. எங்கள் ஆட்களை இங்கே தள்ளியது 1983 கலவரம். முதலில் வந்தவர்கள் ஒளித்து மறைந்து வேலை செய்தார்கள். 1990-இல் மார்த்தெல்லி சட்டம் வந்து பலருக்கு வதிவிடக் கடதாசி கிடைத்தது. பிறகு ஒருவரை ஒருவர் கூப்பிட்டு எடுத்தோம். பெரிய வீடுகளில் துப்புரவு வேலை, முதியவர்களைப் பராமரிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. ஓய்வென்றால் மலைக்குப் போவோம். சைவக்காரர் மாதா கோயிலுக்குப் போவது எங்களுக்கு அதிசயம் இல்லை. மடுவுக்கு வண்டில் கட்டிக்கொண்டு போன பரம்பரை நாங்கள். கடலோரம் ஒரு மலை, மலையில் ஒரு குகை, குகைக்குள் உலகத்தை விட்ட ஒரு பெண். அவளைக் கும்பிட எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

குகைக் கோயிலின் கூரையிலிருந்து வருஷம் முழுக்கத் தண்ணீர் சொட்டும். அதை ஏந்தி ஓரத்துக்கு இறக்க உலோகத் தகட்டுப் பீலிகளை வளைத்து வளைத்து மாட்டியிருக்கிறார்கள். கீழே கண்ணாடிக்குப் பின்னால், பூர்போன் அரசர் கொடுத்த தங்க உடையில் ரோசாலியா சிலையாகச் சரிந்து படுத்திருப்பாள். சுவரில் வெள்ளியில் அடித்த கை, கால், இருதயம், குழந்தை. யாருக்கு எது சுகமானதோ அது. அவற்றுக்கிடையில் தமிழில் எழுதி மடித்த சின்னக் கடதாசிகளையும் நான் கண்டிருக்கிறேன். என்னுடையதும் ஒரு காலம் அங்கே இருந்தது. என்ன கேட்டேன் என்பது எனக்கும் அவளுக்கும் தெரியும். கேட்டது கிடைத்தது. அதனால்தான் செப்டெம்பர் 3-ஆம் திகதி இரவு ஊர்ச்சனம் பழைய கல்பாதையால் மலையேறும்போது நானும் செருப்பில்லாமல் ஏறுகிறேன்.

இனி நான் குடியிருக்கிற பல்லரோச் சந்தைப் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். இந்தப் பழைய நகரம் ஒருதரம் அல்ல, இரண்டுதரம் வெறுமையானது. 1943 மே 9-ஆம் திகதி நடந்த குண்டுவீச்சில் இடிந்தவற்றைப் பல தசாப்தமாக அப்படியே விட்டார்கள். 1950-களிலும் 60-களிலும் மாஃபியாவோடு கைகோத்த நகரசபைக்காரர் வெளியே தோட்டங்களையும் அழகான மாளிகைகளையும் இடித்து அடுக்குமாடி எழுப்பினார்கள்; சனம் அங்கே போனது. 1951-இல் 1 இலட்சத்துக்கு மேல் ஆட்கள் இருந்த பழைய நகரத்தில் 1990-களில் கால்வாசியும் இல்லை. ஒழுகுகிற கூரை, விறைக்கிற சுவர், மலிந்த வாடகை. அப்படியான வீடுகளுக்குள்தான் நாங்கள் வந்தோம். பங்களாதேஷ், மொரீசியஸ், கானாக்காரரும் வந்தார்கள். ஆட்கள் வேண்டாமென்று விட்டுப்போன வீடுகளில் நாங்கள் சமைத்து, பிள்ளை பெற்று, திருவிழாக் கொண்டாடினோம்.

இரண்டாந்தரம் வெறுமையாவது இப்போது. 2015-இல் அரபு-நோர்மன் காலத்துக் கட்டடங்களை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். 2018-இல் பலெர்மோ இத்தாலியின் பண்பாட்டுத் தலைநகரம். விமான நிலையத்தில் 2023-இல் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள். அதே காலத்தில் நகரத்தின் குடித்தொகை இறங்கிக்கொண்டே போகிறது. 1981-இல் 7 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. இப்போது ஏறக்குறைய 6 இலட்சத்து 30 ஆயிரம். பிறப்பு குறைவு. படித்த பிள்ளைகள் மிலானுக்கும் ஜெர்மனிக்கும் போகிறார்கள். எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான், என் மூத்தவன் லண்டனில்.

எங்கள் முற்றத்துச் சுவரில் ஒரு மாடம் உண்டு. கம்பிக் கதவு, உள்ளே ரோசாலியாவின் படம், ஒரு விளக்கு, இரண்டு பூச்சாடி. இந்த ஊரின் பழைய முற்றங்களில் இப்படி நிறையக் காணலாம். கீழ்வீட்டு சின்யோராதான் அதற்குப் பூ மாற்றி விளக்கேற்றுவாள். நான் வந்த புதிதில் இத்தாலியன் தெரியாமல் திண்டாடியபோது, அந்த மாடத்துக்கு முன்னால் நிற்கவைத்துத்தான் எனக்குப் பூ, விளக்கு, எண்ணெய், நாளைக்கு என்று சொல்லித் தந்தாள். சில வருஷத்துக்கு முன் மகன் அவளைத் தூரினுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவளுடைய வீடு இப்போது நாள் வாடகைக்கு. மேலே இன்னும் மூன்று வீடும் அப்படியே. மாடத்துக்குக் கீழே நான்கு சாவிப்பெட்டிகளைச் சுவரில் அடித்திருக்கிறார்கள். வருகிறவர்கள் இலக்கத்தை அமத்திச் சாவியை எடுத்துக்கொள்வார்கள், ஆளைக் காணத் தேவையில்லை. அதில் இரண்டு வீட்டுக்கு விரிப்பு மாற்றிக் கூட்டித் துடைப்பது நான்தான். அந்த வேலையில்தான் என் சீவியம் போகிறது. அதையும் மறைக்காமல் சொல்லித்தான் நான் கதைக்க வேண்டும்.

ஒருநாள் வீட்டுக்காரர் வந்து மாடத்தைப் படம் எடுத்தார், விளம்பரத்தில் போட. நல்லாய்த்தான் இருந்தது படம். ஆனால் அந்த விளக்கை ஏற்றுவது யார் என்ற நினைப்பு அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை. வருகிறவர்களும் குறை சொல்லத்தக்க மனிதர்கள் அல்ல. மெதுவாகக் கதைப்பார்கள், குப்பையைப் பிரித்துப் போடுவார்கள், மாடத்தை வியந்து பார்ப்பார்கள். மூன்றாம் நாள் போய்விடுவார்கள்.

என் பெறாமகள் இங்கே பிறந்தவள், உல்லாசப் பயணிகளுக்கு ஊர் காட்டுகிற வேலை. அவளோடு இதைக் கதைத்தபோது கேட்டாள்: "சித்தி, நீங்களும் வந்த ஆள்தானே? அவையள் காசு குடுக்க வருகினம், நீங்கள் காசு உழைக்க வந்தனீங்கள். ரோசாலியாவுக்கு இதிலை என்ன வித்தியாசம்?"

அவளுக்கு உடனே மறுமொழி சொல்ல என்னால் முடியவில்லை. நீண்ட காலம் இருந்தவர் ஊர்க்காரர் என்று சொல்லலாம்; அப்படியென்றால் எத்தனை வருஷம்? பிறந்தவர் என்றால் நான் இல்லை. வேதத்தில் சேர்ந்தவர் என்றாலும் நான் இல்லை. கும்பிட வருகிறவர் யாத்திரிகர், பார்க்க வருகிறவர் உல்லாசப் பயணி என்று பிரிக்கலாம் என்றால், குகைக்குள் புகைப்படக் கருவி கழுத்தில் தொங்க, சட்டென்று முழந்தாளில் இருந்து அழுத வெளிநாட்டுப் பெண்ணை நானே கண்டிருக்கிறேன். அவளை எந்தப் பக்கத்தில் வைப்பது?

எனக்கு வழி காட்டினது ஓர் ஓவியர். அந்தோனி வான் டைக், பெல்ஜியத்து ஆன்ட்வெர்ப் ஊர்க்காரர். 1624-இல் ஆளுநரைப் படமாக வரைய பலெர்மோவுக்கு வந்தார். இன்றைய கணக்கில் சொன்னால் வந்துபோகிறவர். நோய் வந்து ஊரை மறித்தது, அவரும் உள்ளே அகப்பட்டார். அந்த நாட்களில் அவர் ரோசாலியாவைத் திரும்பத் திரும்ப வரைந்தார்; விரித்த பொன் கூந்தல், முரட்டு அங்கி, கீழே துறைமுகம், அவள் ஊருக்காக மன்றாடுகிறாள். பிறகு வந்தவர்கள் அவளை வரைவதற்கு வழிகாட்டியதே அவருடைய படங்கள்தான். அடுத்த வருஷம் அவர் போய்விட்டார். சான் தொமேனிக்கோவின் செபமாலைச் சங்கத்தார் கேட்ட பீடப் படத்தை ஜெனோவாவில் முடித்து அனுப்பிவைத்தார். ரோசாலியாவும் இருக்கிற அந்தப் படம் இன்றும் இந்த ஊரில் தொங்குகிறது. இங்கே வீடு வாங்காத, குடியிருக்காத மனிதர். ஆனால் பயத்தில் ஊரோடு சேர்ந்து இருந்தார், கொடுக்கவேண்டியதைத் தூரத்திலிருந்தும் கொடுத்தார். அவரை ரோசாலியாவின் ஊர்க்காரர் இல்லையென்று சொல்ல என் மனம் ஒப்பாது.

பெறாமகளின் கேள்விக்கு இப்போது என்னிடம் மறுமொழி உண்டு. ஓர் ஊரில் ஒன்றைக் கேட்டு, அது கிடைத்து, அதற்குக் கடன்பட்டு நிற்கிறவர் அந்த ஊர்க்காரர். எத்தனை நாள் தங்கினார் என்பதும் எந்தக் கடவுச்சீட்டு என்பதும் அதற்குப் பிறகுதான். என்னையே எடுங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு நான் இத்தாலியக் கடவுச்சீட்டோடு, இலங்கை விசா எடுத்துத்தான் போகிறேன். நான் பிறந்த நாட்டின் கணக்கில் நான் உல்லாசப் பயணி. வீதியில் அடி அழிக்கிற என் தமக்கைக்கும் எனக்கும் முருகன் அப்படி ஒரு பிரிவு வைத்திருப்பான் என்று என்னால் நம்ப முடியாது. அம்மா எனக்காக வைத்த நேர்த்தியை அம்மா செத்த பிறகு நான்தான் முடித்தேன். நேர்த்தி ஆளோடு சாவதில்லை, அடுத்தவர் தோளுக்கு மாறும். 1624-இல் வைத்த நேர்த்தியும் அப்படித்தான் இந்த நானூறு வருஷமும் தோள் மாறி வந்திருக்க வேண்டும்.

அதனால்தான் எனக்குச் சாவிப்பெட்டிகளைப் பார்க்க நோகிறது. வருகிறவர்கள் மேல் கோபமில்லை. அவர்களுக்குக் கடன்பட வழியில்லாமல் ஊரை ஒழுங்கு பண்ணி வைத்திருக்கிறோம். எல்லாத்துக்கும் முன்கூட்டியே காசு கட்டியாயிற்று. யாரிடமும் ஒன்றும் கேட்கத் தேவையில்லாமல் வந்து போகலாம். எனக்குக் கீழ்வீட்டு சின்யோரா எண்ணெய், விளக்கு என்று சொல்லித் தந்ததுபோல அவர்களுக்குச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. ஒரு முற்றத்தில் ஒரு குடும்பமாவது இருக்கவேண்டும், கேட்டால் சொல்ல, சுகமில்லையென்றால் மருந்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போக. நகரசபை வாடகைச் சட்டம் போட்டுத்தான் அதைக் காப்பாற்ற முடியும் என்றால், போடவேண்டும். தெய்வ காரியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லையென்று நான் நினைக்கவில்லை. ஆள் இல்லாத ஊரில் ஜூலை 14-ஆம் திகதி தேர் இழுக்கலாம், வாணவேடிக்கை விடலாம். அந்த இரவு கடற்கரையில் நிற்க இடமிராது. ஆனால் அடுத்த நாள் எலும்புகள் வைத்த வெள்ளிப் பேழையின் பின்னால் போகிறவர்கள் வேறு ஆட்கள், அவர்கள்தான் குறைகிறார்கள்.

மாடத்து விளக்கை இப்போது நான் ஏற்றுகிறேன். சைவக்காரி ஏற்றலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால், எனக்குச் சொல்லித் தந்தவள் ஏற்றச் சொல்லித்தான் போனாள் என்பேன்.

போன கிழமை தூரினிலிருந்து அவள் தொலைபேசி எடுத்தாள். முழங்கால் இரண்டும் போய்விட்டதாம், படியிறங்கவே மகன் பிடிக்கவேண்டுமாம். பேத்தி பிழைத்ததற்கு மலையேறுவதாக ஒரு நேர்த்தி பாக்கியிருக்கிறதாம். "எனக்காக நீ ஏறுவியா?" என்று கேட்டாள். சுகமில்லாதவருக்காக மற்றவர் காவடி எடுக்கிற ஊரிலிருந்து வந்தவள் நான், ஓம் என்று சொன்னேன். அவளுடைய வேதத்தில் அது செல்லுமா என்று அவளே குருவானவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். மெழுகுதிரிக்குக் காசும் அனுப்புகிறாளாம். பெறாமகளிடம் சொன்னபோது, இந்த முறை தானும் செப்டெம்பர் 3-ஆம் திகதி இரவு வேலை எடுக்காமல் வருகிறேன் என்றாள், ஆனால் சப்பாத்தோடுதான் ஏறுவாளாம்.