நீருக்குள் நிற்கும் மரங்கள்

தேக்கடிக்குப் போய் வந்தவர்கள் யானையைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு யானை கிடைக்கவில்லை. மிளாக் கூட்டம் என்று தொலைவில் எதையோ காட்டினார்கள். கரையோரம் நாலைந்து பழுப்புப் புள்ளிகள், அவ்வளவுதான். என் மனத்தில் தைத்தவை வேறு: தண்ணீருக்கு வெளியே கறுத்து நீட்டிக்கொண்டிருந்த பட்டமரங்கள்.

1895-இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்தபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. இலையில்லை, பட்டையில்லை, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் விழவில்லை. ஒன்றின் உச்சியில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தது. சுற்றிலும் காடடர்ந்த மலைகள். அவற்றின் நிழலைத் தாங்கிய நீர். அழகென்றால் அப்படியோர் அழகு! படகில் இருந்தவர்கள் எல்லோரும் படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

எடுத்த பிறகுதான் கூச்சம் வந்தது. ஒரு காட்டை மூழ்கடித்துவிட்டு, அதன் எலும்பைப் பார்த்து ரசிப்பது என்ன ரசனை? அழிவிலே பிறந்த அழகை அனுபவிக்கிறவனுக்கு அந்த அழிவிலே பங்கில்லையா?

கூட வந்த நண்பர் கம்பத்துக்காரர், நெல் விவசாயி. அவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்.

"இந்தத் தண்ணி மலையைக் குடைஞ்சு எங்க பக்கம் இறங்கலேன்னா எங்க வயல்லே எருக்குத்தான் மொளைச்சிருக்கும், அண்ணே. மரத்துக்கு இவ்வளவு வருத்தப்படுறீங்க. அணை கட்டுறப்போ காய்ச்சல்லே செத்த கூலி ஆளுங்களைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பேரில்லாத மனிதர்களைப் பற்றிக் கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அது தோன்றவே இல்லை. மரங்கள் தலையை நீட்டிக்கொண்டு நின்றதால் இரங்கினேன். கட்டிய பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. தேனிப் பக்கம் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். வைக்க வேண்டியதுதான். சுண்ணாம்பும் கல்லும் சுமந்தவர்களுக்கோ தண்ணீருக்கு மேலே ஒரு கட்டைகூட நிற்கவில்லை.

ஆனாலும் நண்பரின் வாதத்தை முழுக்க ஏற்க முடியவில்லை. வயல் விளைந்தது என்பதால் இழந்தது இல்லையென்று ஆகிவிடுமா? அதே சமயம், மேற்கே அரபிக் கடலுக்கு ஓடிய ஆற்றைக் கிழக்கே வைகைக்குத் திருப்ப வேண்டாம் என்று 1887-இல் என்னை யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? தாது வருஷத்துப் பஞ்சம் முடிந்து பத்து வருஷம்கூட ஆகாத காலம் அது. சொல்லியிருக்க மாட்டேன். கட்டச் சொல்லிவிட்டு, மரத்துக்காகப் பெருமூச்சும் விட்டிருப்பேன். இதை வேஷம் என்று சொல்வீர்களா? மதுரையில் என் வீட்டுக் குழாயில் வருவதும் வைகை அணைத் தண்ணீர்தான். அதைத் திறக்கும்போது நான் ஒருநாளும் பெருமூச்சு விட்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் நண்பர் வீட்டில் சாப்பாடு. அவருடைய தாயார் பரிமாறினார். சொந்த வயல் அரிசி. வெட்கத்தை விட்டு மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்தப் படத்தை அழித்துவிடலாமென்று எடுத்துப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அழிக்கவில்லை.