சரிபார்ப்பும் பொறுப்பும்

ஒரு வேலையைச் சரிபார்க்கும் பணியை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டால், அவ்வேலைக்குப் பதில் சொல்லும் கடமையும் அதனுடன் சென்றுவிடுமா? இக்கேள்வி முற்றிலும் புதியதன்று. எனினும், செயற்கை நுண்ணறிவு முகவர்கள் கணினி நிலையங்களிலே பணிக்கு அமர்த்தப்படும் இக்காலத்தில், நாம் இதனைத் தட்டிக் கழிக்க முடியாது.

வங்கிக் கணக்கு, நோயாளர் பதிவு, பரீட்சைப் பெறுபேறு ஆகிய பலவும் இன்று சேவையகங்கள் எனப்படும் கணினிகளிலே தங்கியுள்ளன. நூற்றுக்கணக்கான சேவையகங்களை ஒவ்வொன்றாகத் திருத்துதல் இயலாது. ஆதலின், அவற்றின் பெயர்களையும் முகவரிகளையும் குழுக்களாக வகுத்து ஒரு கோப்பில் எழுதி வைக்கின்றனர். 2012ஆம் ஆண்டில் வெளிவந்த அன்சிபிள் என்னும் கருவி அத்தகைய பட்டியலைப் படித்து, குறித்த குழுவிலுள்ள கணினிகள் யாவற்றுக்கும் ஒரே கட்டளையை அனுப்புகின்றது. பட்டியலில் ஒரு பெயர் இடம் மாறினால் கட்டளையும் இடம் மாறும். எல்லாக் கணினிகளையும் குறிக்கும் குழுவொன்று, எவரும் எழுதாமலே ஒவ்வொரு பட்டியலிலும் உண்டு என்பதை நினைத்தால், ஒரு சொற்பிழை எவ்வளவு தூரம் செல்லும் என்பது விளங்கும்.

இப்பட்டியலைச் சோதிக்கும் கருவிகளே இப்பொழுது முகவர்களின் கையிற் கொடுக்கப்படுகின்றன. எழுத்தமைப்புப் பிழை, வரையறுக்கப்படாத குழு, இருமுறை வரும் முகவரி ஆகியவற்றை முகவர் நொடியில் எடுத்துக்காட்டும். பட்டியலிலுள்ள கணினி பதிலளிக்கின்றதா எனவும் வினவிப் பார்க்கும். நள்ளிரவிலும் அதற்குக் களைப்பில்லை. இதனை இகழ்வது பேதைமை. மனிதனை வாட்டும் சலிப்பான உழைப்பைக் குறைக்கும் எதனையும் நாம் வரவேற்கவே வேண்டும்.

ஆனால், ஒழுங்காக எழுதப்பட்டிருத்தல் வேறு. உண்மையாக எழுதப்பட்டிருத்தல் வேறு. ஆசிரியர்களாகிய நாம் இதனை நன்கு அறிவோம். வரவு இடாப்பின் கூட்டுத்தொகை பிழையற்றதாக இருக்கலாம். வந்ததாகக் குறிக்கப்பட்ட பிள்ளை அந்நேரம் கடையொன்றில் மூட்டை சுமந்துகொண்டிருக்கலாம். பெயரே பதியப்படாத பிள்ளையைப் பற்றி இடாப்பு ஒன்றுமே சொல்லாது. அவ்வாறே, மக்கள் பயன்படுத்தும் சேவையகம் தவறுதலாகப் பரிசோதனைக் குழுவில் எழுதப்பட்டிருப்பினும் கோப்பின் இலக்கணம் பிழைபடுவதில்லை. அது எதற்காக இயங்குகின்றது என்பதை அறிந்தவரே அத்தவறை உறுதியாகக் கூற வல்லவர்.

பிழையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? 2012 ஓகஸ்ட் 1ஆம் திகதி, அமெரிக்காவின் நைற் கப்பிற்றல் என்னும் பங்குத் தரகு நிறுவனத்தில், எட்டுச் சேவையகங்களில் ஏற்றவேண்டிய புதிய நிரல் ஏழில் மாத்திரமே ஏற்றப்பட்டிருந்தது. எட்டாவதில் எஞ்சிய பழைய நிரல் சுமார் 45 நிமிடங்களில் இலட்சக்கணக்கான பங்குக் கொடுக்கல் வாங்கல்களை நடத்திற்று. இழப்பு 46 கோடி டொலருக்கும் அதிகம். அதனை விசாரித்து 2013இல் முடிவு வெளியிட்ட அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணைக்குழு, பிழைவிட்ட ஊழியரோடு நின்றுவிடவில்லை. அவ்வேலையை இரண்டாமவர் ஒருவர் பார்வையிட வேண்டும் என்னும் எழுத்துமூல விதியே நிறுவனத்தில் இருக்கவில்லை எனச் சுட்டியது. சந்தை திறக்குமுன்னரே கணினி 97 மின்னஞ்சல்களை ஊழியர் குழுவொன்றுக்கு அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கைகளாகக் கருதப்படவில்லை. இயந்திரம் பேசிற்று, கேட்பது எவருக்கும் கடமையாக இருக்கவில்லை. அன்று அங்கே ஒரு முகவர் இருந்திருப்பின், அது 98ஆவது மின்னஞ்சலை எழுதியிருக்கும்.

ஆகவே, சரிபார்ப்பு என்பது பிழையைக் காண்பதுடன் முடிவதன்று. கண்டதற்காக வேலையை நிறுத்தவும், நிறுத்தாவிடின் பதில் சொல்லவும் கடமைப்பட்ட ஒருவர் இருத்தலே அதன் உயிர். முகவர் வெட்கப்படாது, இழப்பீடு கொடாது. எனவே, “முகவர் விட்ட பிழை” என்று மேலிடம் கைகழுவ நாம் இடமளிக்கலாகாது. பழியைக் கடைநிலை ஊழியரின் தலையிற் கட்டுவதும் நீதியன்று. ஆயிரம் வரிகள் கொண்ட அறிக்கையை ஐந்து நிமிடத்திற் பார்த்துக் கையொப்பமிடுமாறு பணித்தல் சரிபார்ப்பு ஆகாது. பழிசுமக்க ஓர் ஆளை முன்கூட்டியே நியமித்தலாகும்.

முகவருக்குக் கோப்பைப் படிக்கும் உரிமை போதும். மாற்றும் உரிமை மனிதரிடம் இருக்கட்டும். அம்மனிதருக்கு நேரமும், “முடியாது” என மறுக்கும் அதிகாரமும் அளிக்கப்படட்டும். அவற்றை அளிக்க மறுக்கும் நிறுவனம், எத்தனை நுட்பமான கருவியை வாங்கினாலும், தன் பொறுப்பை விற்றுவிட முடியாது.