கூரை கொடுத்தால் கடமை தீர்ந்ததா?



ஞாயிறு காலை முதல் பூசைக்குப் புறப்படும்போது, மூடிய கடைகளின் வாசலில் குடும்பம் குடும்பமாய்ப் படுத்திருப்பவர்களைக் கண்டிருப்பீர்கள். பக்கத்தில் ஓர் அலுமினியப் பானை, ஒரு துணி மூட்டை, தாயின் முந்தானைக்குள் சுருண்ட குழந்தை. அவர்களைக் கடந்து போகையில் நம்மில் ஒருவர் சொல்வார்: "சர்க்கார்தான் விடுதி வைத்திருக்கிறதே, அங்கே போய்ப் படுத்தால் என்ன? போகமாட்டார்கள். இந்த வாழ்க்கையே அவர்களுக்குப் பழகிவிட்டது." இப்படிச் சொன்னதும் நம் மனம் இலேசாகிவிடுகிறது. அப்படி இலேசாவது நியாயந்தானா என்பதை இவ்வாரம் சற்றுச் சிந்திப்போம்.

விடுதிகள் இருப்பது உண்மையே. 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி நம் தேசத்தில் வீடற்றவர்கள் 17 லட்சத்துக்கு மேல். அதற்கு முந்திய வருஷமே, பெரிய நகரங்களில் ஒரு லட்சம் ஜனங்களுக்கு ஒரு விடுதி வேண்டுமென்றும், அது வருஷம் முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டுமென்றும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர் வந்த மத்திய சர்க்கார் திட்டம் ஆள் ஒன்றுக்கு 50 சதுர அடி இடம் என்று விதி வகுத்தது. சென்னை மாநகராட்சியும் இத்தகைய விடுதிகளை நடத்துகிறது. இது நல்ல காரியம். நடைபாதை ஒருவருக்கும் படுக்கையறையாகாது. மழையும், தறிகெட்டு ஓடும் லாரியும், இருட்டில் பெண்பிள்ளைகளுக்கு நேரும் ஆபத்தும் அங்கே காத்திருக்கின்றன. ஆகையால் "அவர்கள் அங்கேயே கிடக்கட்டும்" என்று விட்டுவிடுவது இரக்கமல்ல.

அப்படியானால் ஏன் போவதில்லை? விடுதிகள் பெரும்பாலும் ஆண்களுக்கு வேறு, பெண்களுக்கு வேறு, சிறுவருக்கு வேறாக இருக்கின்றன. தனி மனிதனுக்கு அது போதும். ஆனால் புருஷன் ஓரிடம், மனைவி ஓரிடம், பன்னிரண்டு வயதுப் பையன் வேறோரிடம் என்றால் ஒரு குடும்பம் என்ன செய்யும்? குடும்பத்தைப் பிரிக்கலாகாது என்று பிள்ளைகளுக்குப் போதிக்கும் நாம், நம் வீட்டில் இதற்குச் சம்மதிப்போமா? அன்றியும், விடியற்காலை மூன்று மணிக்கு மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவனுக்கு, மார்க்கெட்டின் அருகே படுப்பதுதான் பிழைப்பு.

இந்த உண்மை நீதிமன்றத்திலேயே பேசப்பட்டது. 1981-ல் பம்பாய் நகரின் நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்த அதிகாரிகள் முற்பட்டபோது வழக்கு தொடரப்பட்டது. 1985-ல் உச்ச நீதிமன்றம், உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது. வேலை அருகே இருப்பதால்தான் அவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொண்டது. ஆயினும் நடைபாதையில் குடியிருக்க எவருக்கும் உரிமையில்லை என்று கூறி, மழைக்காலம் கழிந்தபின் அப்புறப்படுத்த அனுமதித்தது. சட்டம் அங்கே நின்றுவிட்டது. மனச்சாட்சி அங்கே நிற்கலாகாது.

நம் ஊரிலேயே பாருங்கள். 2015-ம் வருஷத்துப் பெருவெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரைகளில் வாழ்ந்த எத்தனையோ குடும்பங்கள் தெற்கே வெகுதூரத்திலுள்ள பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டன. வெள்ளத்திலிருந்து காத்தது சரியே. சுவரும் கதவும் கிடைத்தது உண்மையே. ஆனால் நகரின் நடுவே நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்த ஒரு தாய், அங்கிருந்து எத்தனை மணிக்கு பஸ் ஏறுவாள்? பஸ் கட்டணம் போக அவள் கையில் மிஞ்சுவதென்ன? பள்ளி விட்டு வரும் பிள்ளையை யார் பார்ப்பார்?

"தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்று சிலர் கேட்கலாம். இது தானமல்ல. இந்த நகரத்தின் மூட்டையைச் சுமப்பவர்களும், குப்பையை அள்ளுபவர்களும், வீடுகளைக் கட்டுபவர்களும் அவர்களே. அவர்களுக்கு நகரம் தருவது கூலியைப் போன்ற கடன். கடன் தீர்ப்பவன், பெறுகிறவனுக்கு உதவாத பொருளைக் கொடுத்து "தீர்ந்தது" என்று சொல்ல முடியாது. எது உதவும் என்று அவனைக் கேட்கவேண்டும். அப்படிக் கேட்பதே நீதியின் முதற்படி.

இதில் அதிகாரிகளை மட்டும் குறைகூறிவிட்டு நாம் தப்பமுடியாது. விடுதிகளும் குடியிருப்புகளும் ஏன் தூரத்துக்குப் போகின்றன? அருகே நிலத்தின் விலை அதிகம் என்பது ஒரு காரணம். "எங்கள் தெருவில் வேண்டாம்" என்று நாம் கையெழுத்துப் போட்டனுப்பும் மனு மற்றொரு காரணம். ஏழைக்கு விடுதி வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். அது நம் வாசலுக்கு வரும்போதுதான் நம் பிறர்சிநேகம் எவ்வளவு என்று தெரிகிறது.

காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் இதற்கு ஒரு வழி காட்டினார். 2015-ல் அர்ச். இராயப்பர் தேவாலய முற்றத்தின் தூண் வரிசையருகே வீடற்றோர் குளிப்பதற்கு அறைகள் அமைத்தார். 2019-ல் அதே முற்றத்துக்கு அடுத்திருந்த ஒரு பழைய மாளிகையை அவர்களுக்கு இரவு விடுதியாக்கினார். அதைப் பெரிய ஹோட்டலாக்கலாம் என்ற யோசனையும் இருந்தது. அவர் ஏழைகளை ஊருக்கு வெளியே அனுப்பவில்லை. தம் வாசலிலேயே இடங்கொடுத்தார்.

அன்பர்களே, நம்மிடம் மாளிகை இல்லை. ஆனால் நம் வட்டாரத்தில் ஒரு விடுதி வருமென்ற செய்தி கேட்கும்போது, எதிர்ப்பு மனுவில் கையெழுத்திடாதிருக்க நம்மால் முடியும். குடும்பம் பிரியாமல் தங்கும் விடுதி வேண்டுமென்று நம் வார்டு அங்கத்தினரிடம் சொல்லவும் முடியும். அடுத்த ஞாயிறு அந்தக் கடைவாசலைக் கடக்கும்போது, "ஏன் விடுதிக்குப் போவதில்லை?" என்று நமக்குள் முணுமுணுக்காமல், அந்தத் தாயிடமே கேட்போம். பதிலைக் கேட்க ஐந்து நிமிஷம் நிற்போம்.